சாரல் எட்டாத நகல்

எந்தப் பொருளையும் ஒன்றே ஒன்றாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் இல்லாத மனிதர் ஒருவர் தென்காசியில் இருந்தார். ஊரில் பாம்புக்குப் பயந்தவர்கள் உண்டு, கடன்காரனுக்குப் பயந்தவர்கள் உண்டு. இவர் 'ஒன்று' என்ற எண்ணுக்குப் பயந்தார். ரத வீதிக்காரர்கள் அவரை நகல் அண்ணாச்சி என்பார்கள். அந்தப் பயத்தின் முழு ஆழத்தை நான் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், ஒரு சரஸ்வதி பூஜை அன்று, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை. அதற்கு முன்னால் அவரைப் பற்றி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டுப் பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று அரைஞாண் கயிற்றில், இரண்டாவது தெருமுனை சலூனில், மூன்றாவது செங்கோட்டையில் மைத்துனர் வீட்டில். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, குற்றாலத்து அருவியில் முதல் சாவி போய்விட்டது. செவ்வாய் சலூன் விடுமுறை. மனிதர் ஈர வேட்டியோடு செங்கோட்டைக்குப் பஸ் ஏறி, சாவியோடு திரும்பி வந்து, தன் வீட்டைத் திறந்தார்.

"பூட்ட உடைச்சிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பூட்டு ஒண்ணுதான வே இருக்கு!" என்றார், அதிர்ந்துபோய்.

கடிதத்தையும் இரண்டு முறை எழுதுவார். முதல் கடிதம் போகும் வழியில் தொலைந்தால்? அதனால் மறுநாள் அதே கடிதம், வேறு தபால் பெட்டியில். அவருடைய மாமா இறந்தபோது தேனியில் இருந்த உறவினர் ஒருவர் முதல் கடிதம் பார்த்து வந்து அழுதுவிட்டுப் போனார். வீடு போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது கடிதம் கிடைக்க, அடித்துப் பிடித்து மறுபடி வந்து வாசலிலேயே நின்று கேட்டார்: "ஏம்ப்பா, போன வாரம் மாமாவுக்கு அழுதாச்சு. இன்னைக்கு யாருக்கு அழணும்?"

அவருடைய திருமணத்தில் நடந்ததை ஊரே பார்த்தது. கெட்டிமேளம் கொட்டி, தாலி கட்ட எழுந்தவரின் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாலி நழுவித் தாம்பாளத்தில் விழுந்தது. மேளம் நின்றது. பெண்ணின் தகப்பனார் முகம் வெளுத்து, "மாப்பிள்ள, அது யாருக்கு?" என்றார். "இதுக்குத்தான் மாமா. கட்டுத நேரத்துல ஒண்ணு கை தவறிட்டுதுன்னா முகூர்த்தம் போயிரும்லா!" பெண் சிரித்துவிட்டாள். அதனால்தான் கல்யாணம் நடந்தது என்பார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது.

ரத வீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். ஊரில் யாரும் வாங்காத காலத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். அதை இயக்க மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர் நகல் அண்ணாச்சி. எழுதியதையெல்லாம் பிளாப்பி என்ற கறுப்புச் சதுரத்தில்தான் சேமிக்க வேண்டும். அப்பளம் போல மெல்லியது. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். அந்தத் திறப்பின் வழியாகத்தான் இயந்திரம் உள்ளே இருக்கும் தட்டைத் தொட்டுப் படிக்கும். அங்கே விரல் ரேகை பட்டாலே ஆபத்து.

நகல் அண்ணாச்சிக்கு விரல் ரேகையைவிடப் பெரிய எதிரி சாரல். குற்றால சீசன் மூன்று மாதமும் எங்கள் பக்கத்தில் பூசணம் பிடித்துப் பெல்ட் பூக்கும், செருப்பு பூக்கும், பெட்டியில் வைத்த பட்டு பூக்கும். பிளாப்பியும் பூத்தது. ஒரு பிரதியைக் குற்றாலத்தில் தெரிந்தவர் லாட்ஜில் ஒரு சீசன் வைத்துப் பார்த்தார். திரும்ப வாங்கும்போது அது வெள்ளைத் தாடி வளர்த்திருந்தது.

"ஒரே கூரைக்குள்ள ரெண்டு வச்சா அது நகல் இல்ல வே, துணைக்குச் சாகப்போறது," என்பார். "நகலுன்னா வேற ஊர்ல இருக்கணும். சாரல் எட்டாத ஊர்ல. செங்கோட்டையில குதிக்குது, தென்காசியில நடக்குது, சுரண்டைக்குப் போறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிருதுல்லா!"

சுரண்டையில் அவருடைய அக்கா இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பிரதி எடுத்து, எவர்சில்வர் டிபன் கேரியரின் மேலடுக்கில் வைத்துப் பஸ் ஏறுவார். கீழடுக்கில் அக்காவுக்கு அதிரசம். போன வாரத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். கண்டக்டர்கள், "என்ன அண்ணாச்சி, கேரியர்ல இன்னைக்கு யாரு?" என்று கேட்பார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூட எழுத்தர். முப்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். ஒரு விவரம் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இரண்டு இடத்தில் இருந்தால் எது சரி என்ற சண்டை வரும். நண்பர்கள் சேர்ந்து ஒரு ரத்ததானச் சங்கம் வைத்திருந்தோம், நான் செயலாளர். யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு நோட்டில் பட்டியல் வைத்திருந்தேன். அதை நகல் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த அன்று, கொள்கைப்படி, நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டு அந்த வெந்நீரிலேயே குளித்தேன்.

"எரிச்சிட்டீரா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த கேக்கக் கூடாதா வே! அது என்ன பாவம் செஞ்சுது?"

"அதான் உங்ககிட்ட இருக்கே."

"எங்கிட்ட இருக்கது எங்கிட்ட. உம்மகிட்ட இருந்தது உம்மகிட்ட. சவம், படிச்ச மனுசன் செய்யுத வேலையா இது!"

அந்த வருடம் சரஸ்வதி பூஜை அன்று காலை ஒன்பதரைக்கு, பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கை கல்யாணிக்கு நர்சிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கைவசம் இருந்த ஒரே ஒரு பாட்டிலை ஏற்றிவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"ஓ நெகட்டிவ். இன்னும் ரெண்டு பாட்டில் வேணும். சாயங்காலத்துக்குள்ள ஆளக் கொண்டு வந்திருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

திருநெல்வேலிக்குப் போன் போட்டோம். அங்கே அந்தப் பிரிவு இல்லை என்றார்கள். இருந்தும் மனம் கேட்காமல் தங்கை கணவர் டாக்சி பிடித்து நேரிலேயே போய்த் தேடக் கிளம்பினார். எங்கள் பட்டியலில் ஓ நெகட்டிவ் நான்கு பேர். பட்டியல் என் பொறுப்பு என்பதால் சங்கத்தில் மற்றவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரியாது. எனக்கு அவர்களுடைய வரிசை எண்கள் பளிச்சென்று நினைவில் இருந்தன: 17, 41, 63, 88. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டவன் நான்தானே. பெயர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. நாட்குறிப்பைப் புரட்டினேன். "பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. இனி நோட்டு தேவையில்லை" என்று மணி மணியான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினேன். வழியில் நகல் அண்ணாச்சியையும் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டேன். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாஸ்டர் முந்தின நாள் மாலையே பூஜையில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். டைப்ரைட்டர்களுக்கு மாலை. கம்ப்யூட்டர் திரைக்கு மூன்று விரல் விபூதிப் பட்டை. விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகக் குங்குமப் பொட்டு. அதற்கு முன்னால் சிவப்புப் பட்டு விரித்து, இருந்த பிளாப்பி அத்தனையையும் உறையிலிருந்து எடுத்து விசிறி போல அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். சரியாக அந்த நீளத் திறப்பின் மேல்.

"மாஸ்டர்..." நகல் அண்ணாச்சி பட்டுக்கு அருகே குனிந்தார். "அந்த இடத்துல எதுக்கு வச்சீங்க?"

"பாத்தா கண்ணு மாதிரி இருந்துச்சு. அங்கனதான் பொட்டு வைக்கணும்னு தோணிச்சு. ஏன், நல்லா இல்லையா?" என்றவர், எங்கள் கை நீளுவதைப் பார்த்துப் பதறினார். "வே, தொடாதீரும்! மறுபூச முடியாம தொட்டா வித்த போயிரும்லா!"

நான் கல்யாணி நிலைமையைச் சொன்னேன். மாஸ்டர் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு தாமே முன்னால் போய், சரஸ்வதி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விளக்கை ஓரமாக நகர்த்தினார். "முதல்ல நான் தொடுதேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்." பூஜைக்கு வைத்த இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டது அவர்தான்.

கம்ப்யூட்டரில் பிளாப்பி போட இரண்டு வாய்கள் உண்டு, டிரைவ் என்பார்கள். மேல் டிரைவில் இயந்திரத்தை எழுப்பும் பிளாப்பி கிடந்தது. முந்தின நாள் எடுக்க மறந்ததால் அது பொட்டுக்குத் தப்பியிருந்தது. நகல் அண்ணாச்சி, பட்டியல் இருந்த பிளாப்பியை வேட்டி நுனியால் கண்ணில் ஒற்றுவது போல ஒற்றி ஒற்றித் துடைத்தார். கீழ் டிரைவில் போட்டார். தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில், படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் தட்டில் வட்டமாக ஒரு கீறல்.

"பட்டியலும் போச்சு, கீழ் டிரைவும் போச்சு," என்றார் மெல்ல. அலமாரியில் வைத்திருந்த உள்ளூர்ப் பிரதியையும் மாஸ்டர் எடுத்துப் பட்டில் அடுக்கியிருந்தார். அதற்கும் பொட்டு.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அணைக்காதீங்க மாஸ்டர். மேல் டிரைவ் ஒண்ணுதான் இருக்கு. மிஷின் இப்படியே இருக்கட்டும், அணைச்சா மறுபடி எழுந்திரிக்குமோ என்னமோ." நகல் அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "வாரும் வே, சுரண்டைக்கு."

பத்து ஐம்பது பஸ். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், டிரைவர் நெற்றியில் சந்தனம். சந்தனம் கண்ணில் படாத இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். பாவூர்சத்திரம் தாண்டும்வரை எண்ணிக்கொண்டே வந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்க அக்கா பூச போடுவாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போடுவா."

"எதுக்கெல்லாம் பொட்டு வைப்பாங்க?"

"அரிவாமணைக்கு வைப்பா. தையல் மிஷினுக்கு வைப்பா. போன வருசம் பால்காரன் சைக்கிள் நிறுத்தியிருந்தான், அதுக்கும் வச்சிட்டா."

"நீங்க சொல்லி வச்சிருக்கீங்கல்லா?"

"தொறக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொட்டு வைக்காதன்னு சொல்லல்ல," என்றார்.

சுரண்டையில் பஸ் நிற்பதற்குள் இருவரும் இறங்கிவிட்டோம்.

அக்கா வீட்டு வாசலில் நிலைக்குப் பொட்டு. உள்ளே ஆட்டுரலுக்குப் பொட்டு, அம்மிக்குப் பொட்டு, ரேடியோவுக்குப் பொட்டு. அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "ஏலே தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை கூட இல்லையே! வா, பொரி தின்னு."

"அக்கா, அது எங்க?"

"எதுலே?"

"நான் குடுத்து வைப்பேன்லா, அது!"

"அதுவா? அதுக்குந்தான் பூச போட்டிருக்கு. நல்ல நாளும் அதுவுமா பொட்டிக்குள்ள பூட்டி வைக்கச் சொல்லுதியா?"

அக்கா பூஜை இடத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள் துணிப் பை, நான்கு பக்கமும் தைத்து மூடியிருந்தது. நட்ட நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது.

"தைச்சிருக்கியா?" என்றார் நகல் அண்ணாச்சி.

"பின்ன? தொறக்காதன்ன. கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்குன்ன. எம் பேரப்பிள்ளைங்க வேற சும்மா கெடக்குமா? ஒவ்வொரு வாரமும் தைக்கேன், நீ வார அன்னைக்குப் பிரிச்சுத் தாரேன்."

அக்காவின் கத்தரிக்கோலுக்கும் பொட்டு இருந்தது. அவர் அதைச் சேலையில் அழுத்தித் துடைத்துவிட்டுத் தையலைப் பிரித்தார். துணிக்குள் காகித உறை. உறையில் சந்தன ஈரம் ரூபாய் நாணய அளவுக்கு ஊறியிருந்தது. நகல் அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் பிளாப்பியை வெளியே இழுத்து வெளிச்சத்தில் காட்டினார். மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. திறப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒலிபெருக்கி அலறியது. ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கும், காந்தம் பக்கத்தில் வந்தால் எழுத்து அழிந்துவிடும் என்று அவருக்குப் பயம். பிளாப்பியை வைத்திருந்த அக்கா வீட்டுக் கேரியரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, பாட்ட நிறுத்து."

"பூச அன்னைக்குப் பாட்டு இல்லாமலா அண்ணாச்சி? என்ன, கேரியர்ல இருக்கவரு தூங்குதாரா?"

"இதுக்குள்ள இவரு தங்கச்சி உசிரு இருக்குப்பா."

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். நேரே போய்ப் பாட்டை நிறுத்தினார். அதன் பிறகு வழியில் கைகாட்டிய இரண்டு இடத்திலும் பஸ் நிற்கவில்லை. பின்னால் யாரோ சத்தம் போட்டதற்கு, "கேரியர்ல ஆளு இருக்கு, சும்மா வாரும்!" என்று பதில் வந்தது.

ஒன்றே கால் மணிக்கு இன்ஸ்டிட்யூட்டில் நுழைந்தோம். மாஸ்டர் சாப்பிடவும் போகாமல் மேலே சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

நகல் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாப்பியைக் கையில் எடுத்தார். போடவில்லை. பிரிக்காத புதுப் பிளாப்பிப் பெட்டி ஒன்றைக் கிழிக்க ஆரம்பித்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"ஒரு காப்பி எடுத்துக்கிடுவோம். நகல் எடுக்காம கடைசிப் பிரதிய நான் உள்ள போட்டதே இல்ல வே. இங்க பூரா சாம்பிராணிப் புகை. மேல் டிரைவும் கடிச்சிட்டுன்னா?"

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒத்த டிரைவுல மாத்தி மாத்திப் போடணும். இருவது நிமிசம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவரின் சட்டையைப் பிடித்தேன். "அண்ணாச்சி, எனக்கு இருக்கது ஒரே தங்கச்சி!"

அவர் என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்து விபூதியைக் கரைத்துக்கொண்டிருந்தது. புதுப் பெட்டியைக் கீழே வைத்தார். எழுப்பும் பிளாப்பியை எடுத்துவிட்டு, அந்த ஒரே ஒரு பிளாப்பியை மேல் டிரைவில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைத் திருப்பினார். அந்த மனிதரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மலை உச்சியிலிருந்து குதிப்பது அவருக்கு இதைவிடச் சுலபம்.

கர் கர் என்றது. மாஸ்டர் வாய்க்குள் ஏதோ சுலோகம் சொன்னார். திரையில் விபூதிப் பட்டைக்குக் கீழே பெயர்கள் ஓடத் தொடங்கின.

"நிறுத்துங்க, பதினேழு!" அவர் ஒரு விசையை அழுத்த, ஓட்டம் நின்றது. பதினேழு பம்பாய்க்குக் குடிபோனவர். "அடுத்தது, நாப்பத்தி ஒண்ணு!" அச்சன்புதூர் விவசாயி ஒருவர், தெருப் பெயரோடு. நான் நாட்குறிப்பில் எழுதினேன். பார்த்தால் அவரும் ஒரு துண்டுச் சீட்டில் அதையே எழுதிக்கொண்டிருந்தார். "அறுபத்தி மூணு!" புளியறை செக்போஸ்ட் பக்கத்து ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். எழுதி முடித்து எண்பத்தெட்டுக்குப் போகும்போது விசிறி நின்றது. திரை இருண்டது.

தேவை இரண்டு பேர். கிடைத்திருப்பதும் இரண்டு பேர்.

"நீரு அச்சன்புதூரு. நான் புளியறை," என்று துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகல் அண்ணாச்சி இறங்கி ஓடினார்.

நான் வாடகைக் காரில் போனபோது விவசாயி டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அஞ்சு நிமிசம் தம்பி, இதுக்குச் சந்தனம் மட்டும் வச்சிட்டு வாரேன்," என்றார்.

"அண்ணாச்சி, ஒங்க கால்ல விழுதேன், சந்தனம் மட்டும் வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். என்ன புரிந்துகொண்டாரோ, ஈரக் கையோடு வண்டியில் ஏறினார். மூன்றேகாலுக்கு அவர் ரத்தம் பாட்டிலில் இறங்கியது.

இரண்டாவது ஆள் வரவில்லை. மூன்றரை. நாலு. திருநெல்வேலியிலிருந்து தங்கை கணவர் வெறுங்கையோடு போன் செய்தார். டாக்டரம்மா இரண்டு முறை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நாலே காலுக்கு வாழைக்கன்று கட்டிய ஒரு கேரளத்து மர லாரி நர்சிங் ஹோம் வாசலில் வந்து நின்றது. மேலே மரத்தடிகளின் உச்சியில், கயிற்றைப் பிடித்தபடி, தலையெல்லாம் தூசியாக நகல் அண்ணாச்சி. டிரைவர் பக்கத்தில் மைதா மாவு படிந்த பனியனோடு பரோட்டா மாஸ்டர்.

"ரத்தம் குடுக்கவரு உக்கார்ந்து வரட்டும்னு நான் மேல ஏறிட்டேன்," என்றார், இறங்க முடியாமல் இறங்கியபடி.

ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்தார். "நின்னுட்டுது. பொழைச்சிட்டா. இனி பயமில்ல," என்றார். நான் தலையை ஆட்டினேன். இதை முதலில் சொல்ல வேண்டியவரிடம் சொல்லலாம் என்று வராந்தாவுக்கு வந்தேன்.

நகல் அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்கையில் மரம் உராய்ந்த சிராய்ப்பு. காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காதவர். எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது.

ஆறரை ஆயிற்று. உள்ளே குழந்தை அழுதது. என் தோள் மரத்துப் போயிற்று. நான் அசையவில்லை.